காலி செய்து போனவரிடம் வாடகை பாக்கி: துரத்துவதா, விடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் செங்கல்பட்டில் வக்கீல் குமாஸ்தா. 22 வருடமாக இதே வேலை. கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் பக்கமிருந்து வீட்டுக்காரர்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வருவார்கள். பெரும்பாலும் பெரிய பணக்காரர்கள் இல்லை. பி.எஃப். பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து, அந்த வாடகையில் மருந்து மாத்திரை வாங்குகிறவர்கள். எல்லோருக்கும் சந்தேகங்கள் ஒன்றுதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன். உங்கள் காகிதங்களைப் பார்த்த வக்கீல் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

சாவியைக் கொடுத்துட்டுப் போயாச்சு சார். இனிமே பழைய வாடகையைக் கேட்க உரிமை இருக்கா?

இருக்கிறது. குடியிருந்த காலத்து வாடகை கடன். வீட்டைக் காலி செய்ததால் கடன் தீராது. சாவியை வாங்கிக்கொண்டதாலேயே "கணக்கு முடிந்தது" என்று ஆகிவிடாது. ஆனால் சாவி வாங்கும்போது "எல்லாம் சரி, பாக்கி ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் சிக்கல். அப்படி ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா என்பதை முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள்.

எத்தனை நாளுக்குள்ள கேட்கணும்?

மூன்று வருடம். 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வாடகை பாக்கிக்கு வைத்திருக்கும் கெடு அது. இதில் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. காலி செய்த நாளிலிருந்து மூன்று வருடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு மாத வாடகையும் தனித்தனிக் கடன், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு. 2023 ஏப்ரல் 5-ல் தந்திருக்க வேண்டிய வாடகைக்கு 2026 ஏப்ரல் 5-ல் கெடு முடியும். மே மாதம் தர வேண்டியதற்கு மே மாதம். நீங்கள் யோசித்துக்கொண்டே இருக்கும்போது மாதம் ஒன்றாக உதிர்ந்துகொண்டே இருக்கும்.

சிவில் நீதிமன்றங்களுக்கு மே மாதம் விடுமுறை. கெடு விடுமுறைக்குள் முடிந்தால், திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். அதற்கு மறுநாள் போனால் போனதுதான்.

வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டேன். இனி கெடு நின்னுடும்ல?

நிற்காது. நோட்டீஸ் விட்ட தைரியத்தில் இரண்டு வருடம் சும்மா இருந்து, முக்கால்வாசித் தொகையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வழக்குத் தாக்கல் செய்தால்தான் கெடு நிற்கும்.

கெடுவைப் புதுப்பிக்க ஒரு வழி இருக்கிறது. கெடு முடிவதற்குள் வாடகைக்காரர் "இவ்வளவு பாக்கி தர வேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்கும். பாதிப் பணம் கொடுத்தாலும் அப்படித்தான். ஆனால் கொடுத்ததற்கு அவர் கையெழுத்தோ கைப்பட எழுதியதோ இருக்க வேண்டும். ஜிபேயில் 2,000 ரூபாய் வந்ததை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பணம் வந்த அன்றே ஒரு சீட்டு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும்.

முதல் வேலையா என்ன செய்யறது தம்பி? எனக்கு ஒண்ணும் புரியலை.

கணக்கு எழுதுங்கள். இதைக் கேட்ட அம்மா கொண்டுவந்த கவரில் இரண்டு வருடத்துத் தினசரி காலண்டர் தாள்கள் இருந்தன. வாடகை வந்த நாளில் எல்லாம் தாளைக் கிழித்து, பின்பக்கம் தொகையை எழுதி வைத்திருந்தார். வராத மாதத்துக்குத் தாள் இல்லை. அதை மேசையில் பரப்பி மாதவாரியாக அடுக்கினோம். அரை மணி நேரத்தில் கணக்கு வந்துவிட்டது. அவர் மனதில் ஒரு லட்சம் என்று இருந்தது, தாளில் 66,000தான் வந்தது.

அவர் கணக்கையே உதாரணமாகச் சொல்கிறேன். மாதம் 11,000 வீதம் ஆறு மாதம் 66,000. கட்டாமல் விட்டுப்போன கரண்ட் பில் 2,840. மொத்தம் 68,840. கையில் இருக்கும் அட்வான்ஸ் 30,000. அதைக் கழித்தால் நிகர பாக்கி 38,840. இந்தக் கடைசி எண்தான் உங்கள் வழக்கு. துரத்துவதா விடுவதா என்ற யோசனை இந்த எண்ணை வைத்துத்தான் தொடங்க வேண்டும். மனக்கொதிப்பில் வருகிற எண்ணை வைத்து யோசித்தால் தப்பாகத்தான் போகும். ஒப்பந்தத்தில் வட்டி எழுதாதபோது நீங்களாக இரண்டு வட்டி, மூன்று வட்டி போட்டு ஏற்றாதீர்கள்.

"அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். கழிக்கலாமா? பெயின்ட் செலவையும் சேர்த்துக்கலாமா?

வாடகையைக் கழிக்கலாம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டமும், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதி முன்பணத்தைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித்தரத்தான் சொல்கிறது. கழித்ததைக் காகிதத்தில் காட்டுங்கள். கழிக்கும்போது பழைய மாதத்திலிருந்து தொடங்குங்கள். கெடு நெருங்கிய மாதங்கள் அட்வான்ஸில் அடைபட்டுவிடும், புதிய மாதங்களைக் கேட்க நேரம் கிடைக்கும்.

பெயின்ட் விஷயத்தில் நம் ஊரில் ஒரு மாத வாடகை பிடிக்கிற பழக்கம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் சரி. எழுதவில்லை என்றால், நாலு வருடம் குடியிருந்த சுவர் மங்குவது இயல்பு என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதை இடித்துப் பேசுவது கஷ்டம். உடைந்த வாஷ்பேசின், பெயர்த்த கதவு மாதிரியானவற்றுக்குப் போட்டோவும் பில்லும் வைத்திருங்கள்.

அட்வான்ஸ் ரொக்கமாத்தான் வாங்கினேன், ரசீது கொடுக்கலை. அதைச் சொல்லாம விட்டுட்டா?

வேண்டாம். இப்படிக் கேட்பவரை நான் கண்டிப்பாகவே தடுப்பேன். பிராதில், அதாவது வழக்கு மனுவில், எழுதுவதைச் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறீர்கள். குறுக்கு விசாரணையில் இந்த ஒன்று வெளியே வந்தால் உங்கள் உண்மையான பாக்கியையும் யாரும் நம்ப மாட்டார்கள். தவிர அது அவர் பணம்.

எழுத்துல ஒப்பந்தமே இல்லை. இருந்த 11 மாத ஒப்பந்தமும் எப்பவோ முடிஞ்சுபோச்சு. கேஸ் நிக்குமா?

நிற்கும். ஆனால் உழைப்பு அதிகம். 11 மாதம் முடிந்த பிறகும் அவர் குடியிருந்து நீங்களும் வாடகை வாங்கியிருந்தால், குடித்தனம் தொடர்ந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பாங்குக் கணக்கில் மாதாமாதம் ஒரே தொகை வந்த வரிகள், இருவரும் கையெழுத்திட்ட வாடகை நோட்டு, அந்த முகவரியில் அவர் எடுத்த கேஸ் இணைப்பு எல்லாமே சாட்சிதான். வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்று எழுதியிருந்தால் அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டப்படி, அதற்குரிய சான்றிதழோடு அதையும் தாக்கல் செய்ய முடியும்.

இரண்டு எச்சரிக்கை. முத்திரைத்தாள் போதாத ஒப்பந்தத்தை நீட்டினால், குறைந்த தொகையையும் அதற்குப் பத்து மடங்கு வரை தண்டத்தையும் கட்டச் சொல்லலாம். இன்னொன்று, மேலே சொன்ன, 2019-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். "11 மாதம்தானே, பதிவு எதற்கு" என்பது பழைய பேச்சு. பதிவு செய்திருக்கிறீர்களா என்பதைச் சேர்த்துப் பார்த்துத்தான், வாடகை நீதிமன்றமா சிவில் நீதிமன்றமா என்று வக்கீல் முடிவு செய்வார்.

கேஸ் போட எவ்வளவு ஆகும்?

சிவில் வழக்கானால் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017-க்கு முன் ஏழரை சதவீதமாக இருந்தது, குறைத்தார்கள். அந்த அம்மாவின் 38,840-க்கு ஏறக்குறைய 1,165 ரூபாய். சம்மன் அனுப்ப பேட்டா, டைப், ஜெராக்ஸ் எல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு வக்கீல் பீஸ். அது ஆளுக்கு ஆள் மாறும். "தீர்ப்பு வரைக்கும் எவ்வளவு, தீர்ப்புக்குப் பிறகு பணத்தை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுவுக்குத் தனியா எவ்வளவு" என்று இரண்டாகப் பிரித்து முதல் நாளே கேளுங்கள். இரண்டாவது பாதியை யாரும் கேட்பதில்லை, பணம் வருவது அந்தப் பாதியில்தான்.

வாய்தாவுக்கு வாய்தா நீங்கள் போட்டுவிட்டு வரும் வேலையையும் பஸ் சார்ஜையும் கணக்கில் சேருங்கள்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வீடு சொந்தமாக இருக்கிறதே, நமக்குக் கொடுப்பார்களா என்று கூச்சப்பட்டுத் திரும்பிப் போன விதவைகளைப் பார்த்திருக்கிறேன். பெண் என்பதே போதும், போய்க் கேளுங்கள்.

எல்லா ஆதாரமும் இருக்கு. போட்டா ஜெயிச்சிடுவேன்ல?

ஜெயிப்பீர்கள். ஆனால் ஜெயிப்பது வேறு, வாங்குவது வேறு. தீர்ப்பு நகலைக் கொடுத்தால் கவுன்டரில் பணம் எண்ணித் தரமாட்டார்கள். நிறைவேற்று மனு போட்டு, அவரிடம் இருப்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

ஒரு முறை அமீனாவோடு (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) ஜப்தி வாரண்டை எடுத்துக்கொண்டு போனோம். வாதி, நான், அமீனா, மூன்று பேர் ஒரு ஆட்டோவில். அந்த வீட்டில் ஒரு பெடஸ்டல் ஃபேன், பாய், சமையல் பாத்திரம், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை இவற்றையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது. பெண்கள் மத வழக்கப்படி கழற்றாத தாலி மாதிரியான நகைகளையும் தொட முடியாது. தொழில் செய்பவரின் கருவிகளும் அப்படியே. ஃபேனை எடுத்துவரவா என்று அமீனா கேட்டார். வாதி குழந்தையைப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் யாரும் பேசவில்லை. இரண்டரை வருட வழக்கு அது.

அதனால் வருகிறவர்களிடம் மூன்று விஷயம்தான் கேட்கிறேன். ஆள் இப்போது எங்கே இருக்கிறார்? அவரிடம் பிடிக்கிற மாதிரி சம்பளமோ சொத்தோ இருக்கிறதா? உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது? மூன்றுக்கும் பதில் இருந்தால் போடுங்கள். முதல் இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், காகிதம் எவ்வளவு பலமாக இருந்தாலும் நோட்டீஸோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை. பெரும்பாலும் இருக்கும்.

சம்பளக்காரர்தான் சார். சம்பளத்துல பிடிக்க முடியுமா?

முடியும். முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. மாதச் சம்பளம் 25,000 என்றால் 1,000 போக 24,000, அதில் மூன்றில் ஒன்று 8,000 வரை பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம் வரைதான் பிடிக்க முடியும். நம் உதாரணத்து 38,840 ஐந்து மாதத்தில் வந்துவிடும். பி.எஃப்., கிராஜுவிட்டி பக்கம் போக முடியாது.

ஒரே கம்பெனியில் நிலையாக வேலை பார்ப்பவர் என்றால் வழக்குப் போட இதுவே நல்ல காரணம். ஒப்பந்தக் கூலியாக ஆறு மாதத்துக்கு ஒரு இடம் மாறுகிறவர் என்றால் உத்தரவு போய்ச் சேரும்போது அவர் அங்கே இருக்க மாட்டார்.

தராட்டா ஜெயில்ல போடலாமாமே?

பணம் இருந்தும் வேண்டுமென்றே தரவில்லை என்று நீங்கள் நிரூபித்தால்தான். இல்லாதவரைப் போட முடியாது. பெண்களைப் பண பாக்கிக்காகக் கைது செய்யவே முடியாது. உச்சகட்டம் மூன்று மாதம். உள்ளே இருக்கும்வரை அவருடைய சாப்பாட்டுச் செலவை நீங்கள்தான் கட்ட வேண்டும். உள்ளே போய் வந்தாலும் கடன் தீராது என்பது உண்மை, ஆனால் பணமும் வந்திருக்காது.

போலீஸ்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் கொடுத்தா பயந்து கொடுத்துடுவான்ல?

வாடகை தராதது குற்றம் ஆகாது, சிவில் விவகாரம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் மனுவை வாங்கினாலும் "கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் முடியும். போலி ஆதார் கொடுத்துக் குடிவந்தார் என்பது மாதிரி இருந்தால் அது தனிக் குற்றம், அதற்குப் புகார் கொடுக்கலாம்.

போகும்போது செக் கொடுத்தார். அது திரும்பி வந்துடுச்சு.

இது உங்கள் கையில் இருக்கும் பலமான காகிதம், ஆனால் நாள் கணக்கு கறார். செக்கை அதில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பாங்கில் போட்டிருக்க வேண்டும். பணமில்லை என்று திரும்பிய தகவல் உங்களுக்குக் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 15 நாள் பொறுக்க வேண்டும். அதிலும் தரவில்லை என்றால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

ரிட்டர்ன் மெமோவைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு "பார்க்கலாம், தருவார்" என்று இரண்டு மாதம் விட்டுவிட்டு வருகிறார்கள். அதன் பிறகு பெரும்பாலும் சாதாரணப் பண வழக்கு மட்டும்தான் மிச்சம். மெமோ கிடைத்த வாரமே வந்துவிடுங்கள்.

எங்கே போனார்னே தெரியலை. போனும் ஸ்விட்ச் ஆஃப்.

வழக்குப் போட முடியும். சம்மன் திரும்பினால், நீதிமன்ற அனுமதியோடு கடைசியாக இருந்த வீட்டுக் கதவில் ஒட்டியோ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோ சம்மனைச் சார்வு செய்யலாம், அதாவது அவரிடம் சேர்ப்பித்ததாக ஆக்கலாம். அவர் வரவில்லை என்றால் அவர் இல்லாமலேயே தீர்ப்பு, அதுதான் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. ஆனால் அவர் என்றைக்காவது வந்து "எனக்குச் சம்மனே வரவில்லை" என்று காட்டினால், தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட்டு அதை ரத்து செய்யக் கேட்கலாம். பிறகு முதலிலிருந்து.

அதைவிட ஆதாரில் இருக்கும் சொந்த ஊர் முகவரிக்கு, பெற்றவரின் கையெழுத்துச் சான்று வருகிற வகையில் ஒரு கடிதம் போடுங்கள். மிரட்டல் இல்லாமல், மாதவாரிக் கணக்கோடு. ஊரில் அப்பாவோ அண்ணனோ பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்து, தவணையில் தீர்த்தது என் கண் முன்னால் நடந்திருக்கிறது.

ஆள் பீகார்ல இருக்கார். அங்கே போய்க் கேஸ் போடணுமா?

வேண்டாம். வீடு இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். தீர்ப்பை நிறைவேற்றத்தான் அங்கே இருக்கும் நீதிமன்றத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும், அங்கே ஒரு வக்கீலும் வைக்க வேண்டும். பாக்கி ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

லோக் அதாலத்துல உடனே முடிச்சுடுவாங்கன்னு சொல்றாங்களே?

அது சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றம். எதிராளி வந்து ஒப்புக்கொண்டால் முடிக்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே எழுதும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. ஏற்கெனவே வழக்குப் போட்டு அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும். அவர் வரவே மாட்டேன் என்றால் இழுத்துவர வழியில்லை.

என் அனுபவத்தில் 50,000-க்குக் கீழான வீட்டு வாடகை பாக்கிக்கு இதுதான் சரியான இடம். 38,840 கேட்டுப் போய், மாதம் 3,000 வீதம் பத்துத் தவணை, 30,000-ல் முடித்துக்கொண்டவர்கள் உண்டு. 8,840 போயிற்றே என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டு வருட வாய்தாவுக்கு அலைந்த பஸ் சார்ஜை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. தவணைக்கு ஒப்புக்கொண்டால் "ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும்" என்ற வரியைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

அவர் ஆபீஸ்ல போய் நின்னா? ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டா?

செய்யாதீர்கள். பணம் பெற வேண்டிய நீங்கள், அவதூறு வழக்கில் பதில் சொல்கிறவராக மாறிவிடுவீர்கள். வேலை போனால் பிடிப்பதற்குச் சம்பளமும் இல்லை.

கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜை விட்டுட்டுப் போயிருக்கார். வித்து எடுத்துக்கலாமா?

விற்காதீர்கள். பொருள் அவருடையது, கடன் வேறு. இரண்டு அக்கம்பக்கத்தவரை வைத்துப் பட்டியல் எழுதி, பீரோவைத் திறக்காமல், ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். "இத்தனை நாளுக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத்தில் அனுப்புங்கள். வழக்குப் போட்டால் அந்தப் பொருளையே ஜப்திக்குக் காட்டலாம், அது முறையான வழி. படிப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு கிடைத்தால் பாக்கிக்காகப் பிடித்து வைக்காமல் கொடுத்துவிடுங்கள். யாருக்கும் பயனில்லாத கொடுமை அது.

சிபாரிசு பண்ணிக் குடிவச்சது எங்க மச்சான். அவர்கிட்ட கேட்கலாமா?

ஆள் நல்லவர் என்று சொன்னது ஜாமீன் ஆகாது. "அவர் தரலைன்னா நான் தர்றேன்" என்று பொறுப்பேற்றிருந்தால்தான் கேட்க முடியும். வாய்ப்பேச்சு ஜாமீனும் சட்டப்படி செல்லும், ஆனால் மச்சான் ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம் சாட்சிக் கூண்டில் ஏறித்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த உதவியை அவர் செய்வார்.

வராத வாடகைக்கும் வருமான வரி கட்டணுமா? அதோட, நான் வாடகையைக் கணக்கிலேயே காட்டலை. கேஸ் போட்டா மாட்டிக்குவேனா?

வராத வாடகையைக் கழிக்க விதி இருக்கிறது. குடித்தனம் உண்மையானதாக இருக்க வேண்டும். அவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய வைக்க நீங்கள் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். உங்களுடைய வேறு வீட்டிலும் அவர் இருக்கக் கூடாது. வசூலிக்கச் சட்ட நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், அல்லது எடுத்தும் பயனில்லை என்று அதிகாரிக்குக் காட்ட வேண்டும். விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தவர்களும் ஒரு நோட்டீஸாவது அனுப்புங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் பணம் வந்தால், வந்த வருடத்தில் 30 சதவீதம் கழித்துவிட்டு வருமானமாகக் காட்ட வேண்டும்.

இரண்டாவதற்கு, ஆமாம், நீங்கள் வாடகை வாங்கியதாக நீங்களே எழுதும் பிராது ஒரு ஆவணம்தான். கூடுதல் வரியோடு பழைய கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய வழியிருக்கிறது. ஆடிட்டரைப் பார்த்துவிட்டு எங்களிடம் வாருங்கள்.

வீடு என் வீட்டுக்காரர் பேர்ல இருந்தது. அவர் தவறிட்டார். அவர் காலத்து பாக்கியை நான் கேட்கலாமா?

கேட்கலாம், வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து. ஆனால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் மட்டும் போதாது. இறந்தவருக்கு வர வேண்டிய கடனுக்கு நீதிமன்றம் தீர்ப்பளிக்க, நீதிமன்றத்திலேயே பெறும் வாரிசுரிமைச் சான்று வேண்டும். அதற்குத் தனி மனு, தனிச் செலவு. அவர் இறந்த பிறகு வந்த மாதங்களின் வாடகை உங்களுடைய சொந்த உரிமை, அதற்கு இது தேவையில்லை. கணக்கில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். பல நேரம் இரண்டாவது பகுதியை மட்டும் கேட்பதே லாபம்.

கடை வாடகை பாக்கி நாலு லட்சம். அதுக்கும் இதே வழிதானா?

கெடு, கணக்கு, அட்வான்ஸ் எல்லாம் மேலே சொன்னபடிதான். ஒரு வித்தியாசம்: வியாபாரத்துக்கு மட்டுமே பயன்பட்ட இடம், தொகையும் 3 லட்சத்துக்குக் குறையவில்லை என்றால் அது வணிக வழக்கு. அவசர உத்தரவு எதுவும் கேட்காதபோது முதலில் சமரச மையத்துக்கு மனுப் போட வேண்டும், நேராக வழக்குப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைக்காரருக்குச் சரக்கும் பாங்குக் கணக்கும் பெயரும் இருக்கும் என்பதால் தீர்ப்பை வசூலிப்பது வீட்டு வாடகையைவிடச் சுலபம்.

இப்ப அவர்கிட்ட ஒண்ணுமில்லை, ஆனா சின்ன வயசு. பின்னாடி சம்பாதிப்பார். கேஸ் போட்டு வைக்கலாமா?

மேலே சொன்ன மூன்று கேள்வியில் இரண்டாவதற்கு இன்றைக்குப் பதில் இல்லை, நாளைக்கு வரலாம் என்கிற நிலைமை இது. தீர்ப்பு வாங்கிவிட்டால் அதை நிறைவேற்ற 12 வருடம் இருக்கிறது. தீர்ப்பு வாங்காவிட்டால் மூன்று வருடத்தில் முடிந்துபோகும். தொகை பெரியது, சொந்த ஊர் முகவரி உறுதியாகத் தெரியும், அவரும் படித்த ஆள் என்றால் போட்டு வைக்கலாம். தீர்ப்பு நகலைப் பத்திரமாக வையுங்கள். சின்னத் தொகைக்கு 12 வருடம் ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது உங்கள் தூக்கத்துக்குத்தான் கெடுதல்.

வாடகைக்காரர் செத்துப்போயிட்டார். பொண்டாட்டி பிள்ளைங்ககிட்ட கேட்கவும் மனசு வரலை. விட்டுடலாம்னு இருக்கேன். எழுதிக் கொடுக்கணுமா?

அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் குடும்பம் பொறுப்பு. சொத்து ஒன்றும் இல்லையென்றால் அவர்கள் தங்கள் கையிலிருந்து தர வேண்டியதில்லை. இது தெரியாமல் பயந்துகொண்டிருக்கும் பெண்கள் உண்டு, அவர்களிடம் சொல்லுங்கள்.

விட்டுக்கொடுப்பதற்குச் சட்டம் பதிலுக்குப் பணம் எதையும் கேட்பதில்லை. நீங்கள் விட்டேன் என்றால் விட்டதுதான், பிறகு மனம் மாறி வழக்குப் போட முடியாது. அதனால் கோபத்திலோ அலுப்பிலோ "போகட்டும் விடு" என்று மெசேஜ் போடாதீர்கள். உண்மையாகவே விடுவதென்றால் எழுதிக் கொடுங்கள். போன தை மாதம் ஒருவர் இங்கே உட்கார்ந்து எழுதினார். வீட்டு முகவரி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, தொகை 44,000. கீழே ஒரே வரி: "மேற்படி வாடகை பாக்கியை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ இதில் பாத்தியதை இல்லை." தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சி. ஜெராக்ஸ் ஒன்றைத் தன் பீரோவுக்கு வைத்துக்கொண்டார். அசலை அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.